பியூஸைப் பெரிதாக்க வேண்டாம், வயரைத் தேடுங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, நான் உப்புவெளியிலிருந்து மூதூருக்குப் போய்வரும் ஆசிரியை. 2003ஆம் ஆண்டுக் கொரோலா 121 கார் வைத்திருக்கிறேன். பாடசாலை விடுமுறையில், இணையத்தில் பார்த்துப் பழைய வானொலிச் செற்றைக் கழற்றிவிட்டு நானே அண்ட்ரொயிட் செற் பொருத்தினேன். டாஷ்போர்ட் திறந்திருந்தபோதே மீற்றரிலிருந்த மங்கிய பல்புகளை எடுத்துவிட்டு எல்ஈடி போட்டேன். செற் வேலை செய்தது. ஆனால் சாவியை எடுத்ததும் நேரமும் வானொலி நிலையங்களும் அழிந்துபோயின. அதனால் செற்றின் மஞ்சள், சிவப்பு வயர்கள் இரண்டையும் சேர்த்து, எப்போதும் மின்சாரம் வரும் வயரில் கட்டினேன். அழிவது நின்றது. இப்போது பொத்தானை அழுத்தித்தான் திரையை அணைக்கிறேன். இரண்டு இரவு நிறுத்திவைத்தால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. பார்க் விளக்கைப் போட்டால் ஒரு பியூஸ் போகிறது. மீற்றர் வெளிச்சமும் பின் விளக்கும் எரிவதில்லை. சிக்னல் போட்டால் பெற்றோல் முள் துடிக்கிறது. எயார் பேக் விளக்கு அணைவதே இல்லை. பெரிய பியூஸ் ஒன்றைப் போட்டுவிட்டால் சரி என்கிறார் அத்தான். பற்றரிக் கடையில் புதுப் பற்றரி வாங்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தங்கச்சி, பெரிய பியூஸ் போட வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு ஆறுதலாகப் படிக்கலாம். இதை மட்டும் இன்றே அத்தானிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள்.

பியூஸ் காப்பது வயரை. டாஷ்போர்ட்டின் பல்புகளுக்கு ஓடும் வயர்கள் மிக மெல்லியவை. சில அம்பியரைத் தாங்குவதற்காகப் போடப்பட்டவை. எங்கோ ஓரிடத்தில் அந்த வயர் இரும்பைத் தொடுகிறது என்று வையுங்கள். சரியான பியூஸ் நொடியில் உருகி விடயத்தை முடித்துவிடும். அதன் இடத்தில் 30 அம்பியர் பியூஸ் இருந்தால் அது உருகாது, வயர்தான் சூடேறும். அந்த வயர் தனியாக ஓடுவதில்லை. ஐம்பது அறுபது வயர்களோடு சேர்த்துக் கட்டிய கட்டுக்குள், பிளாஸ்டிக்குக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. புகை வெளியே வரும்போது உள்ளே பக்கத்து வயர்களின் தோலும் உருகியிருக்கும். அதன் பிறகு செலவு பியூஸ் கணக்கில் இராது, முழு வயரிங் கணக்கில் இருக்கும். பியூஸ் பெட்டி மூடியில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண்தான் போட வேண்டும். நிறத்தாலும் சரிபார்க்கலாம்: பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

இன்னொன்று, பின் விளக்கு சரியாகும்வரை இருட்டில் இந்தக் காரை எடுக்காதீர்கள். உங்கள் காரில் பார்க் விளக்கின் பியூஸ் போனாலும் முன் விளக்குகள் வழமைபோல எரியும், பிரேக் விளக்கும் எரியும். அதனால் ஓட்டுகிறவருக்குக் குறை தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் கார் இருப்பதே தெரியாது. மாரி மழையில் கிண்ணியாப் பக்கம் மாலை ஆறு மணிக்கே எப்படி இருட்டிவிடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறைக்குக் கந்தளாய், ஹபரணை வழியாக இரவில் போக நினைத்திருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். அந்த வீதியில் யானைக்காக எந்த நிமிடத்திலும் நிற்க நேரலாம். பின் விளக்கு இல்லாமல் அங்கே நிற்கும் காரை லொறிச் சாரதி பார்க்கும்போது காலம் கடந்திருக்கும்.

இனி உங்கள் காருக்கு வருவோம். திறப்பதற்கு முன் எல்லாம் சரியாக இருந்தது. எனவே குறை நீங்கள் கை வைத்த இடங்களுக்குள்தான் இருக்கிறது: செற்றின் பின்புறம், மீற்றர், அவற்றைக் கழற்ற நீங்கள் அவிழ்த்த சொக்கற்றுகளும் திருகாணிகளும். என்ன செய்தீர்கள், அதன் பின் என்ன நடந்தது, பிறகு என்ன மாற்றினீர்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். கராஜுக்கு வருகிறவர்களில் பலர் “சும்மா ஓடிக்கொண்டிருந்தபோது போய்விட்டது” என்றே சொல்வார்கள்; தானே கை வைத்ததைச் சொல்ல வெட்கம். அதனால் வீணாகும் மணித்தியாலங்கள் அதிகம். உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகளுக்கு விடையே இருக்கிறது.

முதலில் பற்றரி. வெளியிலிருந்து வாங்கும் செற்றுகளில் மஞ்சள் வயர் நினைவுக்கு, சிவப்பு வயர் விழிப்புக்கு. மஞ்சளுக்கு எப்போதும் 12 வோல்ட் கிடைக்க வேண்டும். நேரமும் நிலையங்களும் அதில்தான் நிற்கின்றன. சிவப்புக்குச் சாவியைத் திருப்பும்போது மட்டும் கிடைக்க வேண்டும். அது நின்றால் செற் தூங்கப் போகும். முதல் நாள் உங்கள் மஞ்சள் வயர், சாவியோடு வந்துபோகும் வயரில் இருந்திருக்கிறது. அதனால்தான் எல்லாம் அழிந்தது. அதைத் திருத்தும்போது சிவப்பையும் நிரந்தர மின்சாரத்தில் கட்டிவிட்டீர்கள். இப்போது செற்றுக்குச் சாவி எடுத்ததே தெரியாது. பொத்தானால் திரை இருண்டாலும் உள்ளே இரவு முழுதும் விழித்திருக்கிறது. அது அரை அம்பியர் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு நாளில் 24 அம்பியர் மணி. சிறிய காரின் பற்றரி 40, 45 அம்பியர் மணிதான். பாதிக்கு மேல் இறங்கிய பற்றரியால் ஸ்டார்ட்டரைச் சுற்ற முடியாது. உங்கள் இரண்டு இரவுக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். டொயோட்டாவின் பழைய செற்றுக்கு வந்த சொக்கற்றில் பொதுவாக நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட வயர் நிரந்தர மின்சாரம், சாம்பல் நிறம் சாவியோடு வருவது, பச்சை பார்க் விளக்கோடு வருவது, பழுப்பு ஏர்த் (மின்சாரம் காரின் இரும்பு உடல் வழியே பற்றரிக்குத் திரும்பும் பாதை). அதன்படி உங்கள் செற்றின் மஞ்சள் நீல-மஞ்சளுக்கு, சிவப்பு சாம்பலுக்கு, கறுப்பு பழுப்புக்கு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். இருபது வருடம் பல கைகள் மாறிய காரில் உங்களுக்கு முன் யாராவது வெட்டி ஒட்டியிருக்கலாம். மல்ரிமீற்றரை (மின்சாரம் அளக்கும் கருவி) 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை ஏர்த்தில் பிடித்து, ஒவ்வொரு வயரையும் சாவி இல்லாமலும் சாவியோடும் பார்க் விளக்கு போட்டும் பாருங்கள். எது எப்போது 12 காட்டுகிறது என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு பிறகு இணையுங்கள். ஒலிபெருக்கி வயர் எதையும் ஏர்த்தில் தொட விடாதீர்கள். இந்தச் செற்றுகளில் ஒலிபெருக்கியின் கழித்தல் பக்கமும் ஏர்த் கிடையாது, தொட்டால் செற்றின் அம்பிளிபயர் எரியும்.

பிரித்தபின், நிற்கும் காரில் மின்சாரக் கசிவு நின்றதா என்று அளந்தே முடிவெடுங்கள். மல்ரிமீற்றரில் 10 அம்பியர் துளைக்குச் சிவப்பு முனையை மாற்றி, பற்றரியின் கழித்தல் வயரைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் பற்றரி முனைக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். கதவுகள் மூடியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து வாசியுங்கள். 0.05 அம்பியரும் அதற்குக் கீழும் நல்லது. 0.3, 0.5 என்று நின்றால் ஏதோ விழித்திருக்கிறது. செற்றின் சொக்கற்றைக் கழற்றிப் பாருங்கள், எண் விழுந்தால் குற்றவாளி அதுதான். விழாவிட்டால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மீற்றர் இப்படித் தொடுத்திருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மீற்றருக்குள்ளிருக்கும் பியூஸ் போய்விடும்.

புதுப் பற்றரி இப்போது வேண்டாம். கசிவை அடைக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் மூன்றாம் நாள் படுத்துவிடும். இருப்பதைச் சார்ஜரில் மெதுவாக முழுக்க ஏற்றுங்கள். சில மணி நேரம் சும்மா விட்டபின் 12.6 வோல்ட் அளவில் நின்றால் உயிர் இருக்கிறது. 12.2 என்பது ஏறக்குறையப் பாதி. முழுக்க ஏற்றியும் மறுநாளே தானாக 12க்குக் கீழே விழுந்தால் அப்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்கலாம். அடிக்கடி அடிவரை இறக்குவது இந்த வகைப் பற்றரிகளைப் பழுதாக்கும் என்பதால் கசிவைத் தாமதிக்காமல் அடைத்துவிடுங்கள்.

அடுத்தது உருகும் பியூஸ். இதில் எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, செற்றின் செம்மஞ்சள் வயர். பார்க் விளக்குப் போட்டால் திரை மங்குவதற்காக அந்த வயர் இருக்கிறது. அதைக் காரின் பச்சையோடு சேர்த்திருப்பீர்கள், அல்லது பச்சையைச் சும்மா விட்டிருப்பீர்கள். சும்மா விட்ட பச்சையின் வெட்டிய நுனி இரும்புத் தாங்கியைத் தொட்டாலே போதும். பார்க் விளக்கை அணைத்திருக்கும்போது அதில் மின்சாரம் இல்லை, எனவே எதுவும் நடக்காது. போட்டவுடன் பியூஸ் போகும். உங்கள் காரில் நடப்பது அப்படியே. சிலர் செம்மஞ்சளை ஏர்த் என்று நினைத்துக் கறுப்போடு முறுக்கிவிடுவதும் உண்டு. இரண்டாவது, மீற்றருக்குப் போட்ட எல்ஈடி. மலிவான எல்ஈடிகளில் மின்முனையாக இருப்பது மடித்துவிட்ட மெல்லிய கம்பி. ஹோல்டருக்குள் தள்ளும்போது அது வளைந்து எதிர்ப் பக்கத்தைத் தொட்டால் அதுவும் ஷோர்ட்தான், அதாவது மின்சாரம் பல்பு வழியாகப் போகாமல் குறுக்கே ஓடிவிடும்.

எது என்று கண்டுபிடிக்கப் பியூஸ் பியூஸாக எரித்துப் பார்க்கக் கூடாது. பழைய முன்விளக்குப் பல்பு ஒன்றை எடுங்கள், ஒரு இழை நல்லதாக இருந்தால் போதும். அந்த 55 அல்லது 60 வாட் இழையின் இரு முனைகளிலும் வயர் வைத்து, போன பியூஸின் இரண்டு துளைகளில் அவற்றைச் செருகுங்கள். இப்போது பியூஸுக்குப் பதிலாகப் பல்பு நிற்கிறது. பார்க் விளக்கைப் போடுங்கள். ஷோர்ட் இருந்தால் அந்தப் பல்பு முழு வெளிச்சத்தோடு எரியும். அதன் வழியே ஐந்து அம்பியர் அளவுக்கு மேல் போக முடியாததால் வயர் தப்பும். அப்படி எரிந்துகொண்டிருக்கும்போதே செற்றின் சொக்கற்றைக் கழற்றுங்கள். பல்பு சட்டென்று மங்கினால் குறை செற் பக்கம். மங்காவிட்டால் மீற்றரின் சொக்கற்றைக் கழற்றுங்கள். அதற்கும் மங்காவிட்டால் ஏசி சுவிட்ச், சிகரெட் லைற்றர் என்று வெளிச்சம் உள்ள ஒவ்வொன்றாக. எந்த இடத்தில் மங்குகிறதோ அங்கேதான் ஷோர்ட்.

சில இடங்களில் 21 வாட் பிரேக் பல்பை இதற்குப் பயன்படுத்தச் சொல்வார்கள். பல சுற்றுகளுக்கு அது நல்லதுதான். பார்க் விளக்குச் சுற்றில் வேண்டாம். முன்னும் பின்னும் நம்பர் தட்டிலும் உள்ள ஐந்து வாட் பல்புகள் சேர்ந்தாலே 21ஐத் தாண்டிவிடும். ஷோர்ட் இல்லாவிட்டாலும் அந்தப் பல்பு நன்றாகவே எரிந்து உங்களைக் குழப்பும். முன்விளக்குப் பல்பு மிகவும் சூடாகும். கம்பளத்திலோ இருக்கையிலோ வைக்காமல் ஓர் ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள்.

எல்லாவற்றையும் கழற்றியும் பல்பு மங்கவில்லை என்றால் செற்றை வெளியே இழுத்து அதன் பின்புறத்தைப் பாருங்கள். அண்ட்ரொயிட் செற்றுகள் வேறு வடிவம். உள்ளே தள்ளும்போது வயர்க் கட்டு பின்னாலுள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்தோடு நசுங்கும். பெட்டியோடு வந்த நீளமான திருகாணி கட்டுக்குள் குத்தி ஏறியிருக்கவும் கூடும். அழுத்தித் தள்ளித்தான் செற் உள்ளே போனது என்றால், நான் அங்கேதான் முதலில் பார்ப்பேன்.

எல்ஈடி பற்றி ஒரு சொல். பார்வைக்கு அழகுதான், ஆனால் சார்ஜ் எச்சரிக்கை விளக்கின் பல்பை மட்டும் மாற்றியிருந்தால் பழைய பல்பையே திரும்பப் போடுங்கள். பல பழைய வாகனங்களில் அந்தச் சிறிய பல்பின் வழியே போகும் மின்சாரம்தான் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டர்னேற்றரை எழுப்புகிறது. எல்ஈடி அதில் சிறு பங்கைத்தான் விடும். இயந்திரம் ஓடும்போது பற்றரி முனைகளில் அளந்து பாருங்கள்: 13.8 முதல் 14.4 வோல்ட் வந்தால் கவலையில்லை. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ON’ நிலைக்குத் திருப்பும்போது பற்றரி விளக்கும் எண்ணெய் விளக்கும் எரிகின்றனவா என்றும் பாருங்கள். எரியாத எல்ஈடி பெரும்பாலும் தலைகீழாகப் போடப்பட்டதாக இருக்கும். கழற்றி அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் எரியும்.

சிக்னலோடு பெற்றோல் முள் துடிப்பது ஏர்த் குறையின் அடையாளம். செற்றின் இரும்புத் தாங்கியைப் பிடிக்கும் போல்ட்டிலேயே ஏர்த் வளையத்தையும் வைத்துப் பூட்டுவது பல கார்களில் வழக்கம். கழற்றியபோது வளையம் கீழே விழுந்து, திரும்பப் பூட்டும்போது அது வெளியே நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஏர்த் இழந்த சுற்றின் மின்சாரம் நின்றுவிடாது. பக்கத்திலுள்ள இன்னொரு சுற்றின் வழியே வீடு திரும்பப் பார்க்கும். அதனால்தான் சிக்னலுக்கும் பெற்றோல் முள்ளுக்கும் சம்பந்தமில்லாத சம்பந்தம் வருகிறது. அளக்கும் முறை எளிது. விளக்குகளைப் போட்டுவிட்டு, மல்ரிமீற்றரை வோல்ட்டில் வைத்து, அதன் கறுப்பு முனையைப் பற்றரியின் கழித்தலிலும் சிவப்பு முனையைச் சந்தேகமான ஏர்த் போல்ட்டிலும் வையுங்கள். வயர் எட்டாவிட்டால் நீட்டிக்கொள்ளுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.2க்கு மேல் போனால் அந்தப் போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் இரும்பையும் பளபளப்பாகும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். உப்புவெளியில் கடற்காற்றுக்கு நிற்கும் கார்களில் செம்பு பச்சைபிடிப்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். பூட்டிய பின் மேலே கொஞ்சம் கிறீஸ் தடவிவிட்டால் பல வருடம் தாங்கும்.

அதே காரணத்துக்காக, வயரை வயரோடு முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றுவதை விட்டுவிடுங்கள். வெயிலில் நின்ற காருக்குள் ரேப்பின் பசை இளகி வழிந்து முறுக்கு வெளியே வந்துவிடும். ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள். அதைவிட நல்லது, டொயோட்டாவின் சொக்கற்றில் நேராகச் செருகும் மாற்று வயர்த் தொகுதி ஒன்றை வாங்குவது. காரின் வயர் எதையும் வெட்ட வேண்டியிராது. நாளைக்குப் பழைய செற்றைத் திரும்பப் போட நினைத்தாலும் போடலாம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இந்தப் பழைய 121களை எவ்வளவு பேர் பொன்போலக் காத்தார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் காரின் வயரிங்கும் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எயார் பேக் விளக்கை மட்டும் மேற்சொன்ன எதனோடும் சேர்க்காதீர்கள். டாஷ்போர்ட்டைத் திறந்தபோது மஞ்சள் நிறச் சொக்கற் ஒன்றைக் கழற்றினீர்களா, அல்லது கை பட்டு அது தளர்ந்ததா என்று நினைத்துப் பாருங்கள். மஞ்சள் சொக்கற் என்றால் எயார் பேக். அதற்குள் மல்ரிமீற்றரின் முனையையோ சோதனை விளக்கையோ நுழைக்கவே கூடாது. அளக்க அனுப்பும் சிறு மின்சாரமே அதை வெடிக்கவைக்கக்கூடும், அப்போது உங்கள் முகம் அதற்கு நேரே இருக்கும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: சாவியை எடுத்து, பற்றரியின் கழித்தலைக் கழற்றி, குறைந்தது 90 விநாடி பொறுத்திருங்கள். உள்ளே சேமித்திருக்கும் மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும். பிறகு மஞ்சள் சொக்கற் முழுக்கப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அழுத்திப் பூட்டுங்கள். அதன் பிறகும் விளக்கு எரிந்தால், பதிவான குறியீட்டை ஸ்கேனரால் வாசித்து அழிக்க வேண்டும். அது அந்த வேலை தெரிந்தவர் கையில் நடக்கட்டும். விளக்கு எரியும்வரை, மோதினால் எயார் பேக் விரியாது என்றே எண்ணி ஓட்டுங்கள்.

அவரிடம் போகும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். தகாட்டா நிறுவனத்தின் எயார் பேக்குகளைத் திரும்பப் பெற்ற கார்களில் அந்தக் காலத்துக் கொரோலாக்களும் உண்டு. அதன் உள்ளிருக்கும் அமோனியம் நைத்திரேற்று வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது இரும்புக் கூட்டையே சிதறடிக்கிறது. திருகோணமலையின் காலநிலை அதற்கு ஏற்ற காலநிலை. சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு டொயோட்டா முகவரிடம் கொடுத்தால் உங்கள் கார் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, மாற்றப்பட்டதா என்று பார்த்துச் சொல்வார்கள்.

டாஷ்போர்ட்டைத் தாங்களே திறக்க நினைக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒன்று: சில பழைய கார்களில் சிக்னலுக்கான மின்சாரம் ஹசார்ட் சுவிட்ச் (எல்லாச் சிக்னலையும் சேர்த்து எரியவைக்கும் சுவிட்ச்) வழியாகப் போகிறது. வேலை முடிந்தபின் சிக்னல் எரியவில்லையென்றால், சிக்னலை மின்னவைக்கும் றிலே வாங்க ஓடுவதற்கு முன் அந்தச் சுவிட்சின் சொக்கற்றைத் திரும்பச் செருகினீர்களா என்று பாருங்கள்.

தங்கச்சி, முதலில் பார்க் விளக்கு, பிறகு மஞ்சள்-சிவப்பு, பிறகு ஏர்த் என்ற வரிசையில் செய்யுங்கள். ஒன்றைச் செய்து சோதித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். செற்றுக்குக் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் பற்றரியின் கழித்தல் கழன்றிருக்கட்டும். அளப்பதற்காக மட்டும் பூட்டுங்கள். எல்லாம் பூட்டியபின் விளக்கைப் போட்டுவிட்டு யாரையாவது பின்னால் நிறுத்தி நம்பர் தட்டு விளக்குவரை பார்க்கச் சொல்லுங்கள். கசிவு அளந்தபோது கிடைத்த எண்ணையும், எந்தச் சொக்கற்றைக் கழற்றியபோது பல்பு மங்கியது என்பதையும் எழுதி அனுப்புங்கள். 0.05க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அடுத்து எந்தப் பியூஸை எடுப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.